ஊட்டிக் குளிரில் ஒரு 'டிக்... டிக்...'!

ஜனவரி மாதத்து ஊட்டி. காலை ஆறரை மணி. தலைகுந்தாவில் புல்வெளி மேல் யாரோ மூட்டை மூட்டையாய் உப்பைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி உறைபனி. மங்கி குல்லாயும் கேமராவுமாய் ஒரு கூட்டம், 'ஆஹா... காஷ்மீர்!' என்று அலறிக்கொண்டிருக்கும்.

அதே நேரத்தில் லாட்ஜ்களின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். அங்கே வேறு கச்சேரி. 'டிக்... டிக்டிக்டிக்...' கொஞ்சம் மௌனம். அப்புறம் பானெட்டைத் தூக்கும் சத்தம்.

2,240 மீட்டர் உயரம், பூஜ்யத்தை ஒட்டிய குளிர். கார் பேட்டரி என்பது ஈயத் தகடும் கந்தக அமிலமும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற பெட்டி. பூஜ்யம் டிகிரியில் அது தன் வலுவில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். இன்ஜின் ஆயிலோ குளிரில் கெட்டிப்பட்டு, 'என்னைச் சுத்த இன்னும் கரண்ட் கொண்டா' என்று அடம் பிடிக்கும். இது போதாதென்று நம் பையன்கள் ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்தில் கேம்ப் ஃபயர் டான்ஸ் ஆடிவிட்டு, அணைக்காமல் தூங்கப் போயிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்களேன். 55 வாட் பல்பு இரண்டு என்றால் மணிக்கு ஒன்பது ஆம்பியர் காலி. சின்னக் காரில் இருப்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. பத்து மணிக்கு எரியவிட்டால் இரண்டு மணிக்குள் ஆள் அவுட்!

2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கு வர இ-பாஸ் வேண்டும். வண்டி நம்பர் கேட்கிறார்கள், எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். பேட்டரிக்கு வயசென்ன என்று மட்டும் கேட்பதில்லை!

ஃபர்ன்ஹில் பக்கம் நாங்கள் தங்கியிருந்த லாட்ஜில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து இளைஞர்கள் இப்படி மாட்டிக்கொண்டார்கள். சென்னைக்கு 550 கிலோமீட்டர், மறுநாள் ஆபீஸ். சாவியைத் திருப்பினால் 'டிக்' கூட இல்லை. டேஷ்போர்டில் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. ஹாரன் ஊமை. 'டிக்டிக்' என்றாலாவது பேட்டரியில் கொஞ்சம் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது சுத்தமாகப் படுத்த கேஸ்.

"தள்ளுடா மச்சி, செகண்ட் கியர்ல போட்டு கிளட்சை விட்டா ஸ்டார்ட் ஆயிடும்" என்றான் ஒருவன். அப்பா காலத்து வித்தை அது. இன்றைய வண்டியில் பெட்ரோல் பம்ப்புக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி பூஜ்யமானால் குன்னூர் வரை தள்ளினாலும் முனகாது. ஆட்டோமேடிக் கியர் என்றால் தள்ளவே கூடாது. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரின் பழைய மாடல்களில் முன்னால் சொருகிச் சுற்ற ஒரு இரும்புக் கைப்பிடி இருந்தது. கை வலித்தாலும் மானம் போகாது!

அடுத்தவன் சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது. "எதுக்குடா தள்ளணும்? மேட்டுப்பாளையம் வரைக்கும் இறக்கம்தானே? நியூட்ரல்ல உருட்டிட்டே போவோம்..."

எங்கள் வேன் டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"தம்பி, அந்த வேலை மட்டும் வேணாம். இன்ஜின் ஓடலேன்னா பிரேக் ரெண்டு மிதி, மூணு மிதிதான் கேட்கும். அப்புறம் கருங்கல்லை மிதிக்கிற மாதிரி. ஸ்டீயரிங்கும் திரும்பாது. கொண்டை ஊசி வளைவுல எப்படி நிறுத்துவீங்க?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. பிரேக் மிதியை லேசாக்குவது இன்ஜின் தரும் வேக்குவம். இன்ஜின் ஓடாவிட்டால், மிச்சமிருப்பது சில மிதிகளுக்கே காணும். பதற்றத்தில் யாராவது சாவியை உருவிவிட்டால் ஸ்டீயரிங் லாக்கும் விழுந்துவிடும். பையன்கள் முகத்தில் ஊட்டிக் குளிரிலும் வியர்வை.

அதற்குள் மூன்றாமவன் ரோட்டில் போன கேரட் லாரியைக் கைகாட்டி நிறுத்திவிட்டான். "பெரிய வண்டி, பெரிய பேட்டரி!" டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். லாரி, பஸ்ஸெல்லாம் பெரும்பாலும் 24 வோல்ட். கார் 12. மாட்டினால் காரின் எலெக்ட்ரானிக்ஸ் வறுகடலை ஆகிவிடும். எங்கள் வேன் 12 வோல்ட்தான். பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார், இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடாமல்.

முதலில் டெர்மினலை ஆட்டிப் பார்த்தார். பாதி நேரம் கோளாறு அங்கேதான் இருக்குமாம். இறுக்கமாகத்தான் இருந்தது. அப்புறம் ஜம்பர் கேபிளை எடுத்தார். சிவப்பின் ஒரு முனை படுத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை வேன் பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை வேனின் மைனஸில் மாட்டினார். கடைசி முனையை மட்டும் காரின் மைனஸில் மாட்டாமல், இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பாகத் தேடிக் கவ்வவிட்டார். "ஏண்ணே?" என்றான் ஒருவன். "கடைசியா மாட்டும்போது பொறி பறக்கும் தம்பி. பேட்டரியில கேஸ் வரும். ரெண்டும் சந்திச்சா ஆசிட் மூஞ்சில தெறிக்கும்." ஹைட்ரஜன் என்ற பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை.

வேன் இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டார். "இப்ப சாவியைத் திருப்பு..."

'ட்ர்ர்ர்ரூம்!'

விசில், கைதட்டல். டிரைவர் கேபிளை மாட்டிய வரிசைக்குத் தலைகீழாகக் கழற்றினார். "டீக்கடையில நிறுத்தினாலும் இன்ஜினை அணைக்காதீங்க. பாட்டு, ஏ.ஸி. வேணாம். செகண்ட் கியர்லயே இறங்குங்க." கியரில் இறங்கும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றும், கூடவே ஆல்டர்னேட்டரும். சும்மா நின்று உறுமுவதைவிட அதில் சார்ஜ் நன்றாக ஏறும்.

குன்னூர் வழியாக அவர்கள் முன்னால், நாங்கள் பின்னால். மேட்டுப்பாளையத்தில் ஒரு பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட் மீட்டரை வைத்தார் கடைக்காரர். முள் எழுந்திருக்கவே இல்லை.

"எவ்வளவு வருஷமாச்சு?"

"ஆறு..."

"அதுவே போனஸ் தம்பி. முழுசாக் காலியானா தகட்டுல ஸல்ஃபேட் படிஞ்சு இறுகிடும். இந்த வயசுல சார்ஜ் போட்டாலும் நிக்காது. புதுசு போடவா?"

போட்டார்கள். பில்லை ஐந்தாகப் பிரித்தார்கள். ஒருவனிடம் மட்டும் காசு இல்லை. அவன் பங்குக்கு ஊட்டி வர்க்கி இரண்டு பாக்கெட் அங்கேயே கைமாறியது.