கன்னியாகுமரிக்கு 21,700, தரங்கம்பாடிக்கு 3,720

எங்கள் மாலைப் பயிலகத்தில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. சென்ற நவம்பரில் அதில் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் கன்னியாகுமரி என்றும் வலப்பக்கம் தரங்கம்பாடி என்றும் எழுதினோம். அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்பதுதான் கேள்வி. பிள்ளைகள் 26 பேர், அவர்களோடு பெரியவர்கள் ஐந்து பேர். வாக்கெடுப்பு வைத்தோம். கன்னியாகுமரிக்கு 19, தரங்கம்பாடிக்கு 7.

போனது தரங்கம்பாடிக்கு.

ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறோம். கணக்கை மறைக்காமல் எழுதினால், அடுத்து இப்படிக் கிளம்பும் தோழர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறோம்.

முதலில் போக்குவரத்து. விழுப்புரத்திலிருந்து கன்னியாகுமரி 580 கிலோமீட்டர் அளவுக்கு வரும். படுக்கை வசதிப் பெட்டியில் ஒரு வழிக்கு ஏறக்குறைய 350 ரூபாய். ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரை அரை டிக்கெட் என்று நினைத்திருந்தோம். படுக்கை கேட்டால் முழுக் கட்டணம் என்பது 2016 ஏப்ரலிலிருந்தே நடைமுறை. ஆக 31 பேருக்குப் போய்வர 21,700 ரூபாய். தரங்கம்பாடிக்கு விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை வரை பாசஞ்சர் ரயில், அங்கிருந்து பேருந்து. தரங்கம்பாடிக்கே முன்பு ரயில் போனது. அந்தப் பாதையை 1986-ல் மூடிவிட்டார்கள். ரயிலும் பேருந்தும் சேர்ந்து ஒரு வழிக்கு 60 ரூபாய், 31 பேருக்குப் போய்வர 3,720. இதுவும் இப்போதுதான் இவ்வளவு மலிவு. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் ரயில்களின் குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ஆக்கி வைத்திருந்தார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது.

பெண்களுக்குப் பேருந்து இலவசம்தானே என்று ஒரு தோழர் கேட்டார். 2021 மே முதல் நடப்பில் இருக்கும் அந்தத் திட்டம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும்தான். பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போகவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் அது எங்கள் பெண்களுக்குப் பெரிய துணை. வெளியூருக்குப் போக அது உதவாது.

சலுகை ஒன்று உண்டு. பலருக்குத் தெரியாததால் இங்கே சொல்கிறோம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் சொந்த ஊருக்குப் போகவும் கல்விச் சுற்றுலா போகவும் ரயிலில் 75 விழுக்காடு கட்டணச் சலுகை இருக்கிறது. அடிப்படைக் கட்டணத்தில்தான் கழிப்பார்கள். 350 ரூபாய் டிக்கெட் நூறு ரூபாய் சுற்றி வந்து நிற்கும். அதற்குப் பள்ளித் தலைமையாசிரியர் உரிய படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பிள்ளைகள் மூன்று பள்ளிகளில் படிக்கிறார்கள். இரண்டு பள்ளிகளில் கேட்ட அன்றே கையெழுத்துக் கிடைத்தது. மூன்றாவதில், “நீங்க யாரு எங்க பசங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு?” என்று தொடங்கி, நாளைக்கு வாங்க, திங்கட்கிழமை வாங்க என்று நான்கு முறை அலைய விட்டார்கள். ஒன்பது பிள்ளைகளின் படிவங்கள் வெறுமையாகவே திரும்பின. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தால் 21,700 ரூபாய் 8,700 ஆகியிருக்கும். போடாததால் 13,200-ல் நின்றது.

அடுத்தது பருவநிலை. சுற்றுலா போகிறவர்கள் இதைக் குடையா, ஸ்வெட்டரா என்ற அளவில் பார்ப்பார்கள். நாங்கள் கணக்குப் போட்டபோது வேறு ஒன்று தெரிந்தது. கடற்கரை ஊரில் வானிலை நன்றாக இருக்கும் மாதத்தில் அறை வாடகை ஏறும். வாடகை இறங்கும் மாதத்தில் வானிலை கெட்டிருக்கும்.

கன்னியாகுமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் தொடங்கிக் காற்று பலமாக வீசும். கடல் கொந்தளித்தால் பாறைக்குப் போகும் படகை நிறுத்திவிடுவார்கள். அறை மலிவாகக் கிடைப்பது அப்போதுதான், ஆனால் அப்போது பள்ளி திறந்துவிடும். டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்து இதமாக இருக்கும். சபரிமலை போய்த் திரும்பும் கூட்டம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் சேர்ந்து ஊரே நிரம்பும். சாதாரண நாளில் 900 என்று சொன்ன ஓர் அறைக்கு அந்த வாரம் 2,000 சொன்னார்கள். ஆறு அறை, இரண்டு இரவு, 24,000 ரூபாய். எங்கள் கையில் வசூலாகியிருந்த மொத்தத் தொகை 18,000.

தரங்கம்பாடிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பிரதானம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆண்டு மழையில் பெரும்பகுதி கொட்டிவிடும். புயல் வருவதும் அப்போதுதான். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையேதான் கரை கடந்தது. கன்னியாகுமரி மட்டும் தப்பியதா என்றால் அதுவும் இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் அந்த மாவட்டத்து மீனவர்கள் எத்தனையோ பேர் கரை திரும்பவில்லை.

மே மாதம் போகலாமே என்றும் பேசினோம். நாகைக் கடற்கரையில் மே மாத வெயில் 37, 38 டிகிரி வரை போகும். விழுப்புரத்தில் நாற்பதைப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று தோன்றலாம். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வேர்வை காயாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பும் வரை குளிரூட்டிய அறையிலோ காரிலோ இருப்பவருக்கு அது பொருட்டில்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற பிள்ளைக்கு அப்படி இல்லை.

நோட்டில் இன்னொரு வரியும் எழுதினோம், கூலி இழப்பு. எங்களோடு சமைக்க வந்த தாய்மார்கள் இருவரும் களை எடுக்கப் போகிறவர்கள். நாள்கூலி 300. தரங்கம்பாடிக்கு மூன்று நாள் போதும். கன்னியாகுமரி என்றால் ரயிலில் கழியும் இரவுகளையும் சேர்த்து ஐந்து நாள். ஒருவருக்கு 900 ரூபாய் இழப்பு 1,500 ஆகும். சம்பளத்தோடு விடுப்பு எடுப்பவர் போடும் பயணக் கணக்கில் இந்த வரி இருக்காது.

இப்படித்தான் 19 வாக்கு வாங்கிய ஊர் தோற்றது.

தரங்கம்பாடியில் தங்க ஒரு சிறிய கல்யாண மண்டபம் பேசி வைத்தோம். நாளுக்கு 1,500, சமைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பெயர் எழுத ஆதார் நகல் கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். முகவரியில் ‘காலனி’ என்று இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. “சார், அந்தத் தேதிக்கு வேற புக்கிங் இருக்கு, கவனிக்கல.” எங்கள் நண்பர் ஒருவரை, வேறு சாதிக்காரர், அதே தேதிக்குக் கேட்கச் சொன்னோம். “காலியாத்தான் இருக்கு, அட்வான்ஸ் போட்டுட்டு வாங்க” என்றார்கள்.

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பு நல்லது. எங்கள் ஆதாரில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் புகார் கொடுக்கவில்லை. அரசியலமைப்பின் 15-வது பிரிவு தெரியும், 1955-ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தெரியும். இவற்றை மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிறவர்கள் நாங்கள். ஆனால் பயணத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. நண்பர் பேசிய அழைப்பை நாங்கள் பதிவு செய்துவைக்கவும் இல்லை. பிள்ளைகளுக்கு இது தெரியவே கூடாது என்று நினைத்தோம். தெரிந்த தோழர் வழியாகப் பொறையார் பக்கம் ஒரு தெருவின் சமுதாயக் கூடம் கிடைத்தது. வாடகை வாங்கவில்லை. நோட்டில் தங்குமிடம் என்ற வரியில் பூஜ்யம் போட்டோம். அந்தப் பூஜ்யம் எங்களை இன்னும் உறுத்துகிறது.

முதல் இரவே மழை. கூடம் சாலையை விடத் தாழ்வாக இருந்தது. இரண்டு மணிக்கு வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. தெருப் பெண்கள் சாக்கும் துடைப்பமும் எடுத்து வந்தார்கள். அவர்களுக்கு இது ஐப்பசி, கார்த்திகைப் பழக்கம். மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி என்று யாரோ எப்போதோ வகுத்த வரைபடத்தில்தான் இன்றும் மழை பெய்கிறது. தண்ணீரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தபோது, ஒரு பாட்டி 2004 சுனாமியைப் பற்றிச் சொன்னார். அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படகும் வலையும் இழந்தவர்களுக்குக் கணக்கு இருந்தது. உப்பேறிய வயலில் கூலி இழந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. நிவாரண முகாம்களில் தலித்துகளுக்குத் தண்ணீரும் இடமும் மறுக்கப்பட்டதை அப்போதே மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன.

மறுநாள் டேனியக் கோட்டையைப் பார்த்தோம். 1620-ல் கட்டத் தொடங்கியது. 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கிய கடற்கரையும் இதுதான். தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது இங்கே. அதே மிஷனில் பறையர் சமூகத்தைச் சேர்ந்த ராஜநாயக்கன் பல ஆண்டுகள் உபதேசியாராக உழைத்தும், அவர் கையால் மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்பதால் போதகராக்கப்படவில்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

25-ம் தேதி காரைக்கால், நாகை வழியாக வெண்மணிக்குப் போனோம். 1968 டிசம்பர் 25. கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கேட்ட கூலித் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தபோது, இவர்கள் வசதியானவர்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பு எழுதியது. பிளஸ் ஒன் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: “அப்போ கார் இருந்தா நடக்க மாட்டாங்களாண்ணா?” எங்களிடம் பதில் இல்லை. மூன்று பேருந்து மாறி வந்திருந்தோம்.

அன்று திரும்பும்போது பேருந்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அக்கா, எப்பவும் நம்மாளுங்க செத்த இடத்துக்கே கூட்டிட்டுப் போறீங்க. எனக்கு சூரியன் கடல்ல இறங்குறத பாக்கணும். அவ்ளோதான்.”

நாங்கள் ஐந்து பேரும் அன்று இரவு வெகுநேரம் பேசினோம். பணம் இல்லாததால் தரங்கம்பாடிக்கு வந்தோம். வந்த பிறகு, வரலாற்றுக்காகத்தான் வந்தோம் என்று எங்களுக்கே சொல்லிக்கொண்டோம். வெண்மணியைப் பார்க்கத்தான் வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கையில் காசு இல்லாததற்கு வரலாற்றைப் போர்வையாக்கியது எங்கள் தவறு. மற்ற வீட்டுப் பிள்ளைகள் காரணம் எதுவும் சொல்லாமல் கடலைப் பார்க்கப் போகிறார்கள். எங்கள் பிள்ளைகள் மட்டும் கடலைப் பார்க்கவும் ஒரு துயரத்தைக் காரணமாகக் காட்ட வேண்டுமா? சமத்துவம் என்று நாம் பேசுவதில் மகிழ்ச்சியும் சேர்த்தி இல்லையா?

ஊர் திரும்பியதும் நோட்டில் புதுப் பக்கம் திறந்தோம். இந்த முறை ஒரே ஊர்தான், கன்னியாகுமரி. செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறையில் போகிறோம். தென்மேற்குப் பருவம் அடங்கி, வடகிழக்குப் பருவம் தொடங்காத இடைவெளி அது. டிசம்பர் நெரிசல் இருக்காது, வாடகையும் அந்த அளவுக்கு ஏறாது. சலுகைப் படிவங்களை ஜூலையிலேயே மூன்று பள்ளிகளிலும் கொடுக்கிறோம், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொண்டு. தாய்மார்களின் கூலியை இழப்பு என்று எழுதாமல் செலவு என்று எழுதி, வசூலிலிருந்தே கொடுக்கிறோம். அறை பேசும் ஒவ்வொரு உரையாடலையும் பதிவு செய்கிறோம். யாராவது முகவரியைப் பார்த்துவிட்டு மறுத்தால், இந்த முறை புகார் கொடுக்கிறோம். பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டே கொடுக்கிறோம்.

பக்கத்தில் சாமித்தோப்பு இருக்கிறது. எல்லாச் சாதியினரும் ஒன்றாக நீர் எடுக்கும்படி அய்யா வைகுண்டர் அமைத்த முத்திரிக் கிணறு அங்கே உண்டு. அதை மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் நாள் மாலை எந்த வகுப்பும் கிடையாது. கடற்கரையில் உட்காரப் போகிறோம்.

ஜெய்பீம்!