மலைநாட்டில் ஒரு வழியனுப்பல்

நாவலப்பிட்டியைக் கடந்த புகையிரதம் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி ஹட்டனை அடைகிறது. அப்பால் கொட்டகலை, தலவாக்கலை. நுவரெலியா செல்வோர் நானுஓயாவில் இறங்குவர். தேயிலைச் சரிவுகளையும் அருவிகளையும் கண்டு மகிழும் நாம், இந்நிலைய மேடைகளில் கருதிப் பார்க்க வேண்டிய காட்சி வேறொன்று உண்டு. வளர்ந்த பிள்ளையைப் பெற்றோர் வழியனுப்பும் காட்சியே அது.

அச்சடங்கு லயத்து வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. கொழும்பில் வேலைக்கோ, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ, கடல் கடந்தோ செல்லும் பிள்ளை சாமி படத்தின் முன் கைகூப்பி நிற்க, தாய் நெற்றியில் திருநீறு இடுவாள். பெரியோரின் காலில் விழுந்து எழுவதும் வழக்கம். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து தெய்வத்துக்கென வைப்பாரும் உளர். பிள்ளை நலமாகத் திரும்பிய பின்னரே அக்காசு கோயில் உண்டியலைச் சேரும். 'போகிறேன்' என்று எவரும் சொல்லார். 'போயிட்டு வாறேன்' என்பதே விடைபெறும் சொல்.

யூத மக்களிடையேயும் இதனையொத்த வழக்கங்கள் உண்டு. வெள்ளிக்கிழமை இரவில் பெற்றோர் பிள்ளைகளின் தலைமீது கைவைத்து ஆசி கூறுவர். வீடு நீங்கிச் சென்ற மக்களுக்குத் தொலைபேசியில் ஆசி கூறுவோரும் இன்று உளர். பயணம் புறப்படுபவரிடம் ஒரு காசைக் கொடுத்து, சேருமிடத்தில் ஏழைக்கு ஈயச் சொல்வதும் அவர்தம் மரபு. அறப்பணி மேற்கொண்டு செல்பவருக்குத் தீங்கு நேராது என்பது நம்பிக்கை. அங்கே காசு பிள்ளையுடன் செல்கிறது. இங்கே காசு வீட்டில் காத்திருக்கிறது. பெற்ற மனம் இரண்டிடத்தும் ஒன்றேயன்றோ!

விடைபெறும் அச்சொல் பொய்த்துப்போன காலமும் இம்மலைகளுக்கு உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியை எண்ணிக்கையால் தீர்த்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை சரிபாதியாகப் பங்கிட்டது. பெற்றோர் ஒரு நாட்டிலும் மணமான மக்கள் மறு நாட்டிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. தலைமன்னார்த் துறைக்கு அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு மலையக மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. 1984இல் இராமேஸ்வரத்துக்கான கப்பலும் நின்றது. 'போயிட்டு வாறேன்' என்றவர்களுள் பலர் திரும்பவேயில்லை.

ஆதலின், திருநீற்றையும் மஞ்சள் முடிச்சையும் பழங்காலப் பேதைமை என்று இளைஞர் நகைத்தல் ஆகாது. பிரிவின் கொடுமையை நன்கறிந்த மக்களின் வழக்கம் இது. படிப்புக்கும் பிழைப்புக்கும் மலையிறங்கும் பிள்ளைகள், தீபாவளிக்கேனும் தைப்பொங்கலுக்கேனும் ஊர் திரும்புவார்களாக. அந்த முடிச்சை அவிழ்க்கும் நாளுக்காகவே தாய் காத்திருக்கிறாள்.