அஞ்சலோட்டம் கற்றுத்தந்த தர்மம்

வைத்தியம் இலவசமாகக் கிடைக்கும் நாட்டில் நோயாளிக்கு எதற்காகப் பணம் சேர்க்க வேண்டும்? எங்கள் பாடசாலையில் பணிபுரியும் பெண்கள் எட்டுப் பேர் அஞ்சலோட்டம் ஓடி நிதி திரட்டப் போகிறோம் என்று அறிவித்தபோது ஒரு தாய் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

அரசாங்க வைத்தியசாலையில் இரத்தச் சுத்திகரிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று தடவை அங்கே போயாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருக்க வேண்டும். தூரத்துக் கிராமத்தவருக்குப் போக்குவரத்தோடு சேர்த்து ஒரு நாள் முழுவதும் அதிலேயே கழிந்துவிடும். களைத்துப் போனவரைத் தனியே அனுப்பவும் முடியாது. இருவருக்கும் பஸ் கட்டணம், பகல் உணவு, துணைக்கு வந்தவர் இழந்த நாட்கூலி என்று செலவு நீள்கிறது. பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஒரு முறை தவறினாலும் உடலில் நீரும் கழிவும் தேங்கத் தொடங்கிவிடும். எங்கள் ஊரிலும் இப்படிப் போய்வரும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் சிலரின் பிள்ளைகள் எங்கள் பாடசாலையிலேயே படிக்கிறார்கள். அந்தப் பயணச் செலவுக்காகத்தான் நாங்கள் ஓடினோம்.

"அதற்கு ஓடத்தான் வேண்டுமா? ஓர் உண்டியல் வைத்தால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. கணிதம் கற்பிப்பவள் என்பதால் கணக்கெழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் மைதானத்தில் ஒரு சுற்று 200 மீற்றர். ஒருவர் ஐந்து சுற்று ஓடிவிட்டுக் கோலைக் கொடுக்க வேண்டும். எட்டுப் பேரும் இரண்டு முறை ஓடினால் 80 சுற்று, 16 கிலோமீற்றர். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தருவோம் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் முன்கூட்டியே எழுதித் தந்தார்கள். ஐந்து ரூபா என்று எழுதியவர்கள் 400 ரூபா கொடுத்தார்கள். தரம் 6 மாணவி ஒருத்தி ஒரு ரூபா என்று எழுதி, 80 ரூபாவைச் சில்லறையாகவே கொண்டு வந்தாள். எல்லோரும் பார்க்க உண்டியலில் ஒரு ரூபாவைப் போடக் கூசும் பிள்ளை, சுற்றுக்கு ஒரு ரூபா என்று எழுதக் கூசவில்லை. உண்டியலுக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கேதான் விளங்கியது.

டீச்சர்மார் ஓடுவதா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் போட்டியில் ஓடி வென்றதையும், பிறகொரு முறை நபியவர்கள் வென்றதையும் எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியை நினைவூட்டினார். நினைவூட்டியதோடு நிற்காமல் பட்டியலில் தன் பெயரை முதலாவதாக எழுதினார். ஒரு சனிக்கிழமை காலை, மைதான வாயிலை மூடி, பெண்கள் மட்டும் கூடியிருக்க ஓட்டம் நடந்தது.

எங்கள் எட்டுப் பேரில் ஓடிப் பழகியவர் உடற்கல்வி ஆசிரியை மட்டுமே. அலுவலக எழுதுவினைஞர் ராத்தாவுக்கு 57 வயது. அவர் பாதித் தூரம் ஓடினார், பாதித் தூரம் நடந்தார். உடற்கல்வி ஆசிரியை முடித்த அதே ஐந்து சுற்றுக்கு அவருக்கு இரண்டு மடங்குக்கு மேல் நேரம் பிடித்தது. ஆனால் என் கணக்குப் புத்தகத்தில் இருவரின் சுற்றுக்கும் ஒரே விலைதான். மாணவிகள் உரத்த குரலில் சுற்றுகளை எண்ணியதும் அவருக்காகத்தான்.

கோலைக் கைமாற்றுவதற்கு ஒரு வாரம் பயிற்சி எடுத்தோம். நான்கு தர 100 மீற்றர் அஞ்சலோட்டத்தில் வாங்குபவர் பொதுவாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்னோக்கி ஓடத் தொடங்கியபடியே கையைப் பின்னால் நீட்டுவார். கோலை அந்தக் கையில் சரியாக வைப்பது கொடுப்பவரின் பொறுப்பு. எங்கள் மெதுவான ஓட்டத்துக்கு இது தேவையில்லை என்றாலும், உடற்கல்வி ஆசிரியை விடாப்பிடியாக இதையே பழக்கினார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் நான்கு தர 400 மீற்றர் அஞ்சலோட்டத்தில் நம் நாட்டுப் பெண்கள் வெண்கலம் வென்றதைச் சொல்லி, "கடைசியாக ஓடியவருக்கு மட்டுமா பதக்கம்?" என்றும் கேட்டார்.

பணம் சேர்ந்தபின் ஆசிரியர் அறையில் கருத்து வேறுபாடு எழுந்தது. காலைக் கூட்டத்தில் குடும்பங்களை அழைத்து, மேடையில் கடித உறைகளைக் கொடுத்துப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள் சிலர். காசு தந்த பெற்றோருக்கு அது போய்ச் சேர்ந்ததைக் காட்ட வேண்டாமா என்பது அவர்களின் வாதம். அதில் உண்மை இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் நோயாளியின் மகளும் சீருடையோடு வரிசையில் நிற்பாள். வலது கை கொடுப்பதை இடது கை அறியாதபடி தர்மம் செய்வதன் சிறப்பைப் பற்றி நாங்கள்தான் அவளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம்.

அப்போது உடற்கல்வி ஆசிரியை சொன்னார்: "வாங்குறவ திரும்பி எங்கட முகத்தப் பாக்க வேணும் எண்டு நிண்டா, அவட ஓட்டம் அங்கேயே நிண்டு போயிடும்." ஓட்டத்தைப் பற்றித்தான் பேசினார். ஆனால் எல்லோருக்கும் விளங்கியது.

வந்த தொகையையும் செலவாகும் தொகையையும் ஒரு சதமும் விடாமல் அறிவித்தல் பலகையில் போடுவது, வாங்குபவரின் பெயரை எங்கும் போடுவதில்லை என்று முடிவெடுத்தோம். கொடுத்தவர்களுக்குக் கணக்கு, வாங்குபவர்களுக்கு மானம். இரண்டும் அமானிதம்தான். பெயர்கள் அதிபருக்கும், வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முன்வந்த எழுதுவினைஞர் ராத்தாவுக்கும் மட்டுமே தெரியும். எந்த மாணவியின் வீடு என்று எனக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதால் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கண்ணோடு பார்க்க முடிகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் ஒரு நாள், பாடசாலை விட்டதும் ராத்தா வழமையைவிடச் சீக்கிரமாக அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, கைப்பையை அணைத்துக்கொண்டு நடந்து போகிறார். எங்கே போகிறீர்கள் என்று நாங்கள் எவரும் கேட்பதில்லை.