தொண்ணூற்றொன்று கற்பித்த பாடம்



ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது விதிவருமுறையைப் பெரிதும் விரும்பினேன். முதலில் எடுத்துக்காட்டுகள், பிறகு விதி. அம்முறையே ஒருநாள் என்னை இடறிவிட்டது.

கோலா சுங்கை பாருவில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பகா எண்களைப் போதித்துக்கொண்டிருந்தேன். முதல் மூன்று பகா எண்களான 2, 3, 5 ஆகியவற்றைப் பெருக்கினால் 30. அதன் இருபுறமும் 29, 31. இரண்டுமே பகா எண்கள். இவ்வாறு இரண்டே வேறுபாட்டில் அமையும் இணையை இரட்டைப் பகா எண்கள் என்பர். அடுத்த மடங்கான 60-இன் இருபுறமும் 59, 61. அவையும் இரட்டையரே! மகிழ்ச்சி மிகுதியால், "30-இன் எல்லா மடங்குகளுக்கும் இப்படித்தான்" என்று கூறிவிட்டேன்.

அதிகம் பேசாத மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "ஐயா, 90-க்குப் பக்கத்தில் 91 வருகிறது. ஏழு பதின்மூன்று தொண்ணூற்றொன்று அல்லவா?"

வகுப்பு அமைதியானது. பேச்சை மாற்றிவிடலாமா என்று ஒரு கணம் எண்ணியதை இங்கே மறைக்க விரும்பவில்லை. பின்னர், "நான் கூறியது தவறு. அவள் கூறியதே சரி" என்றேன்.

அதன் பிறகே உண்மையான பாடம் தொடங்கியது. 30-இன் மடங்குகள் 2, 3, 5 ஆகியவற்றால் மீதியின்றி வகுபடும். ஆகவே, ஒன்று கூடியோ குறைந்தோ நிற்கும் எண்கள் அம்மூன்றாலும் வகுபடா. ஆயினும், 7-க்கும் 11-க்கும் அங்கே தடையில்லை. 120-ஐ எடுத்தோம்: 119 என்பது 7 × 17, 121 என்பது 11 × 11. இரண்டும் வீழ்ந்தன. 150-இன் அருகில் 149, 151 நிலைத்தன. 7-ஐயும் சேர்த்துப் பெருக்கினால் 210. அங்கே 209 என்பது 11 × 19. 11-ஐயும் சேர்த்தால் 2310. அதன் அருகிலுள்ள 2309, 2311 இரண்டும் பகா எண்கள். வாய்ப்பு கூடுகிறது, உறுதி கிடைப்பதில்லை.

இரட்டைப் பகா எண்கள் முடிவின்றித் தொடருமா என்பதை இன்றுவரை எவரும் நிறுவவில்லை. 2013-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷியர் பல்கலைக்கழக விரிவுரையாளர் இத்தாங் ஜாங், 70 மில்லியனுக்கும் குறைவான வேறுபாடுடைய பகா எண் இணைகள் முடிவற்றவை என்று நிறுவினார். 2014-இல் பலரது உழைப்பால் அவ்வெல்லை 246 ஆகக் குறைந்தது. 2 என்ற எல்லையை இன்னும் எட்டவில்லை.

உலக அறிஞர்களே எடுத்துக்காட்டுகளை மட்டும் நம்பி விதி கூறாதபோது, நான் இரண்டே எடுத்துக்காட்டுகளில் விதி வகுத்துவிட்டேன்!

பெற்றோர்களே, "ஆசிரியர் சொன்னது சரியா?" என்று உங்கள் பிள்ளை கேட்டால் அடக்கிவிடாதீர்கள். தாளையும் பென்சிலையும் கொடுங்கள், சரிபார்க்கட்டும். அன்று அம்மாணவி வாய் திறவாதிருந்தால், ஒரு வகுப்பே என் தவற்றை மனனம் செய்திருக்கும்.