தண்ணிக்கு ஒரு பங்கு

என் அப்பா ஆயில் என்ஜின் மெக்கானிக். செஞ்சியைச் சுத்தி அவர் இறங்காத கிணறு குறைவு. 'இறங்காத' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். எங்கள் பக்கம் பாறைப் பூமி, கிணறுகள் ஆழம். பம்பு ஒரு அளவுக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. இருபது இருபத்தைந்து அடிதான், அதற்கு மேல் திணறும். அதனால் தண்ணீர் மட்டம் கீழே போகப் போக என்ஜினையும் கிணற்றுக்குள் இறக்கி, பாதி ஆழத்தில் மேடை கட்டி உட்கார வைப்பார்கள். என்ஜின் நின்றுபோனால் மெக்கானிக்கும் உள்ளே இறங்கித்தான் ஆகவேண்டும்.

நாங்கள் ஒரு குடம் சேந்த முடியாத கிணறுகள் அவை. ஆனால் ஃபுட் வால்வைக் கழட்ட அப்பா இடுப்புத் தண்ணியில் நிற்பார், சில சமயம் முங்குவார். பம்பு இழுப்பதற்கு முதலில் வாயில் தண்ணி ஊற்றி நிரப்ப வேண்டும். பக்கெட்டில் மொண்டு தன் கையாலேயே ஊற்றுவார். ஹேண்டில் போட்டுச் சுற்றி, என்ஜின் பிடித்து, தண்ணி கரும்புக்கும் மல்லாட்டைக்கும் பாயும். மேலே ஏறி வந்து தாகம் என்று சொன்னால், அந்த வீட்டம்மா சொம்பை உயரத் தூக்கி ஊற்றும், அப்பா குனிந்து கையேந்திக் குடிப்பார். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால அந்தத் தண்ணியிலதான் அவர் நின்னுக்கினு இருந்தார்.

1927இல் மகாடில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான நம் மக்களும் சவ்தார் குளத்துத் தண்ணியை அள்ளிக் குடித்த பிறகு, சாதி இந்துக்கள் குடம் குடமாகச் சாணியும் கோமூத்திரமும் கலந்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். அப்பா இறங்கி ஏறிய கிணறு எதையும் எங்கள் ஊரில் யாரும் சுத்தம் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பயிர் காயும்போது தீட்டுக்கு லீவு விட்டுவிடுவார்கள் போல. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஃபுட் வால்வுக்குள் மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் மூடி தோல். கைப்பம்பில் தண்ணியை மேலே தூக்கிய வாஷரும் தோல். என்ஜினுக்கு முன்னால் மாடு கட்டி கவலை இறைத்தபோது சாலின் அடியில் தொங்கிய குழாயும் தோல். எல்லாம் அருந்ததியர் கை அறுத்துத் தைத்தது. செஞ்சிக் கோட்டை என்றால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலை சொல்வார்கள். பக்கத்தில் நாலாவதாக ஒரு சின்னக் குன்று இருக்கிறது, சக்கிலி துர்க்கம் என்று பேர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் அந்தக் குன்றைக் காட்டி யாராவது எதையாவது சொல்கிறார்களா என்று பார்க்கிறேன்.

நான் பத்தாவதோடு நின்று அப்பாவிடம் வேலை பழகினேன். அவர் பாடம் எல்லாம் புகைதான். கரும்புகை வந்தா காத்து போதல, ஏர் ஃபில்டரப் பாரு, இல்லன்னா நாசில் ஒழுவுது. நீலப்புகை வந்தா ரிங்கு தேஞ்சி ஆயிலக் குடிக்குது. வெள்ளப்புகை வந்தா டீசல் எரியாமலே வெளிய போவுது. கிணற்றுக்குள் இந்தப் பாடத்தைப் படிக்கக் கூடாது, என்ஜினை ஓடவிட்டால் உடனே மேலே ஏறிவிடு என்று திட்டுவார். கிணற்றில் தங்குகிற புகை ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும்.

சாமான் வாங்குவதுதான் எங்களுக்குப் பெரிய பாடு. என்ஜின் பாதி கிர்லோஸ்கர், பாதி ராஜ்கோட்டில் செய்த லிஸ்டர் மாதிரி. ரிங், வால்வு, கேஸ்கெட் எல்லாம் கடையில் கிடைக்கும். ஆனால் கடைக்காரர் முதலில் கேட்பது "எந்த ஊரு?" அடுத்தது "ஊர்ல எந்தப் பக்கம்?" அந்தப் 'பக்கம்' தெரிந்ததும் கடன் நின்றுவிடும். அதே கடையில் ஊர்த்தெரு மெக்கானிக் மல்லாட்டை அறுவடைக்குத் தருகிறேன் என்று ஒரு செட்டே எடுத்துப் போவான். அதனால் அப்பா பழைய சாமானைப் பேப்பரில் சுற்றி, காசை மடியில் முடிந்துகொண்டுதான் போவார். காசு குறைந்தால் பழசையே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வால்வுக்குப் பேஸ்ட் தடவித் திருப்பித் திருப்பி உட்கார வைத்து இன்னும் ஆறு மாசம் ஓட்டுவார். அதைத் திறமை என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

1990இல் விவசாயப் பம்புசெட்டு அத்தனைக்கும் இலவசக் கரண்டு வந்தது. கரண்டு வந்த கிணறுகளில் ஆயில் என்ஜினைக் கழட்டி மாட்டுக்கொட்டாயில் போட்டார்கள். மோட்டார் ரீவைண்டிங் படித்தவர்களுக்கு வேலை போனது. எங்களுக்கு மிஞ்சியது கல்லுடைக்கும் இடத்து என்ஜினும், கரண்டு கனெக்ஷனுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கிற நம் ஆட்களின் ரெண்டு மூணு கிணறும்.

இப்படி இருக்கும்போதுதான் படகு என்ஜின் ஒன்று செஞ்சிக்கு வந்தது. செஞ்சிக்குக் கடலே இல்லையே என்று கேட்பீர்கள். என் அக்காவை மரக்காணம் பக்கம், கழுவெளி ஓரத்துக் காலனி ஒன்றில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கழுவெளி பெரிய உவர்நீர்ப் பரப்பு, எடையன்திட்டு வழியாகக் கடலில் சேர்கிறது. காலனி ஆட்கள் காலங்காலமாக அதில் இறங்கி இறாலும் நண்டும் தடவிப் பிடித்தவர்கள், படகு கிடையாது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் ஃபைபர் படகு கொடுத்தார்கள். காலனிக்கு ஒன்றும் வரவில்லை. ரெண்டு மூணு வருஷம் போனதும் தேவைக்கு மேல் கிடந்த படகுகள் பாதி விலைக்கு வந்தன. மாமாவும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து ஒன்றை வாங்கினார்கள். கூடவே ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின், காற்றில் குளிர்வது, நீளத் தண்டின் நுனியில் காத்தாடி.

ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. என்ஜின் நின்றது. கரையில் மெக்கானிக் இருக்கிறார், சாமானும் கடனுக்குத் தருவார்கள். ஆனால் கடன் தருகிறவரிடமேதான் மீனை எடை போட வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. மாமா என்ஜினைச் சாக்கில் கட்டி, மரக்காணத்திலிருந்து திண்டிவனம், திண்டிவனத்திலிருந்து செஞ்சி என்று ரெண்டு பஸ் மாறி எங்கள் கொட்டாய்க்குக் கொண்டுவந்துவிட்டார். "மச்சான், உப்புத் தண்ணியில ஓடறதா இருந்தா இன்னா, இதுவும் என்ஜின்தானே" என்றார்.

அது உண்மைதான். ஹெட்டைத் திறந்தால் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. மூணு சக்கர வண்டியில் ஓடுகிற சின்ன டீசலுக்கும், ஒரு காலத்தில் என்ஃபீல்டு கம்பெனி விற்ற டாரஸ் டீசல் புல்லட்டுக்கும் இதுக்கும் ஒரே குடும்ப ஜாடை. அதற்காக எல்லாச் சாமானும் பொருந்திவிடாது. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், வைத்துப் பார்த்தால் மயிரிழை இடிக்கும். ரிங் செட்டு திண்டிவனத்தில் கிடைத்தது. நாசிலும் பம்பு எலிமென்ட்டும் கிடைக்கவில்லை. பழசை எடுத்துக்கொண்டு சென்னைப் புதுப்பேட்டை போய், பழைய இரும்பு மலைக்குள் அரை நாள் குந்தித் தேடினேன். புதுப்பேட்டையில் எனக்குப் பிடித்தது, எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. காசை மட்டும் கேட்டார்கள்.

ஆனால் சாமான் மாற்றினால் தீருகிற வியாதி இல்லை அது. சிலிண்டரைச் சுற்றியிருக்கிற இறக்கைகளுக்கு நடுவில் உப்பு கெட்டியாகப் பிடித்திருந்தது. காற்று நுழைய வழியில்லை, சூடேறி ரிங்கு ஒட்டிக்கொண்டது. போல்ட்டெல்லாம் துரு. மாமாவிடம் சொன்னேன். ஆயில் மாத்தறது, டீசல் ஃபில்டர் பாக்கறது, தண்டுக்கு கிரீஸ் வெக்கறது எல்லாம் சரி. அதெல்லாம் மாசக் கணக்கு. ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும், என்ஜின் ஆறினப்புறம், நல்ல தண்ணியில கழுவித் தொடைச்சி, துணியில டீசல் தொட்டுப் பூசணும். ரெண்டு குடம் போதும்.

மாமா ஒன்றும் பேசவில்லை. என்ஜினைக் கொண்டுபோய் மாட்டிக்கொடுக்கப் போனபோதுதான் எனக்கு விளங்கியது. காலனிக் கைப்பம்பில் வருவது உப்புத் தண்ணி. நல்ல தண்ணி டேங்க் ஊர்த்தெருவில். காலனிக் குழாயில் எப்போதாவது சொட்டும். பெண்கள் ஊர்த்தெரு முனைக் குழாய்க்குப் போய், அங்கே இருக்கிறவர்கள் எல்லாம் பிடித்து முடித்த பிறகு பிடித்து வரவேண்டும். ஒரு குடத்துக்கு ஒரு மணி நேரமும் ஆகும். காற்றில் குளிர்கிற என்ஜின், தண்ணியே கேட்காது என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

மூணு நாள் அக்கா எதுவும் சொல்லாமல் ரெண்டு குடம் கொண்டுவந்து வைத்தது. நாலாம் நாள் பங்கு பிரிக்கும்போது வந்து நின்றது. பங்கு முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டீசல் செலவு போக மிச்சத்தில் படகுக்கு ஒரு பங்கு, என்ஜினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, அப்புறம் ஆளுக்கு ஒரு பங்கு. அக்கா கேட்டது: "தண்ணிக்கு?"

ஒருத்தர் சிரித்தார். "வூட்டு வேலைக்கெல்லாம் பங்கு கேப்பியா?" என்றார். அக்கா, "எம்மா நாழி அந்தக் கொழாயில நின்னு, இன்னா பேச்சு வாங்கினு வரேன் தெரியுமா? வூட்டுக்கு எடுத்தாற குடத்துக்கா கேட்டேன்? இது என்ஜினு குடிக்கிற தண்ணி" என்றது. மற்ற நாலு வீட்டுப் பெண்களும் அன்றைக்கு ராத்திரி குடத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். மறுநாளும் தண்ணி இல்லை. நான் என்ஜினைக் காட்டி, நாலு நாள் இப்படியே விட்டால் மறுபடியும் செஞ்சிக்குச் சாக்கில் கட்டணும் என்று சொன்னேன். அதற்கு மேல் நான் பேசவில்லை, பேசவேண்டியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அரைப் பங்கு என்று முடிந்தது. அஞ்சு வீட்டுப் பெண்களும் முறை வைத்துத் தண்ணி கொண்டுவருவது, அரைப் பங்கைச் சமமாகப் பிரித்துக்கொள்வது. முதல் மாசப் பணத்தில் அவர்கள் செய்த காரியம், காலனிக்குத் தனிக் குழாய் கேட்டு மனு எழுதியது, அதைக் கொடுக்க அஞ்சு பேரும் பஸ் ஏறிப் போனது. குழாய் வர நாலு வருஷம் ஆனது, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். குழாய் வந்ததும், இனிமே அரைப் பங்கு எதுக்கு என்று ஆம்பிளைகள் ஆரம்பித்தார்கள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது விசாரித்தேன். அரைப் பங்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா முழுப் பங்கு கேட்கிறது.