ஆறு ஆசனங்கள்

தண்ணீரூற்றுக்குப் போகும்போதெல்லாம் கண்ணிற்படுவோர் பெண்களே. 2009இல் முடிந்த போரில் கணவரை இழந்தும் தொலைத்தும், வயலையும் பிள்ளைகளையும் தனித்துச் சுமப்போர் பலர்.

ஆனால், முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்கள் அடங்கிய வன்னித் தேர்தல் மாவட்டம் 2024இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவுசெய்த அறுவரும் ஆண்கள். யாழ்ப்பாணத்தின் அறுவரும் அவ்வாறே. அதே தேர்தலில் மலையகம் அம்பிகா சாமுவேலையும் கிருஷ்ணன் கலைச்செல்வியையும் அனுப்பியது.

வாக்காளரைக் குறைகூற மனம் ஒப்பவில்லை. 2013 மாகாண சபைத் தேர்தலில் அனந்தி சசிதரனை யாழ். மாவட்ட விருப்பு வாக்கில் இரண்டாமிடத்துக்கு உயர்த்தியவர்களும் இவர்களே.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 விழுக்காட்டைச் சட்டம் ஒதுக்கியுள்ளது. நாடாளுமன்றத்தில் அது இல்லை. அங்கே வேட்பாளர் பட்டியலை எழுதும் கைகளே தீர்மானிக்கின்றன. அக்கைகளும் பெரும்பாலும் முதிய ஆண்களுடையவை. காணாமற்போனோருக்காகத் தெருவில் நிற்கும் தாய்க்கு அந்தப் பட்டியலில் ஓரிடம் கொடுத்தால் என்ன?