எட்டு இடங்களும் எட்டுப் பெயர்களும்

ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் உள்ள ஐஐஐடியில் உருவான சக்தி ஸ்டாண்டர்ட் ஃபார்மட் என்னும் குறிமுறை, இந்திய மொழித் தொடர்களுக்கு இலக்கணக் குறிப்பு எழுதும் பணியில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அதன் கையேட்டை அக்ஷர் பாரதி என்னும் குழுப்பெயரோடு ராஜீவ் சங்கல், தீப்தி மிஸ்ரா சர்மா ஆகியோர் 2007இல் வெளியிட்டனர்.

இம்முறையில் வரிக்கொரு சொல் நிற்கும். அதனருகே வேர், சொல்வகை, பால், எண், இடம், வேற்றுமை வடிவம், உருபு, விகுதி என்னும் எட்டுச் செய்திகள் காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு, ஒரே மேற்கோள்குறிக்குள் அடங்கும். எந்தச் செய்தி எது என்பதற்குப் பெயர் எழுதுவதில்லை. நிற்கும் இடமே பெயர். 'மரத்தை' என்ற சொல்லில் 'என்' என்னும் ஆங்கில எழுத்து அடுத்தடுத்து இருமுறை வரும். முன்னது பெயர்ச்சொல், பின்னது அஃறிணைப் பால். இடம் அறிந்தவருக்கே வேறுபாடு விளங்கும்.

இதே செய்தியைப் பைதான் மொழியின் ஹாஷ் அட்டவணையில் எழுதினால் தோற்றம் மாறிவிடும். நெளிவடைப்புக்குள் ஒவ்வொரு மதிப்புக்கும் முன்னே அதன் பெயரும் ஒரு முக்காற்புள்ளியும் வரும்:

{'வேர்': 'மரம்', 'வகை': 'பெயர்', 'பால்': 'அஃறிணை'}

பெர்ல் மொழியில் முக்காற்புள்ளியின் இடத்தில் => என்னும் குறி வரும். கணினி அந்தப் பெயரைக் கணக்கிட்டு ஓர் எண்ணாக்கி, மதிப்பு இருக்கும் இடத்தை நேரே அடைகிறது. ஆகவே இடத்தை நினைவில் வைக்கும் சுமை மனிதரிடமிருந்து கணினிக்கு மாறுகிறது.

'மெல்ல' போன்ற வினையடைக்குப் பால், எண், இடம் எவையும் இல்லை. ஹாஷ் அட்டவணையில் அப்பெயர்களை எழுதாமலே விட்டுவிடலாம். எட்டு இடங்கள் கொண்ட முறையிலோ, சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோதும் ஏழு காற்புள்ளிகளும் நிற்க வேண்டும். ஒன்று விடுபட்டால் எண்ணிப் பார்க்கும் நிரல் காட்டிக்கொடுக்கும்; இரு மதிப்புகள் இடம் மாறினால் எண்ணிக்கை காட்டாது. பெயர் எழுதும் முறையும் குற்றமற்றதன்று. 'பால்' என்பதைப் 'பல்' என்று எழுதிவிட்டால் பைதான் மறுப்பின்றிப் புதிய பெயராக ஏற்றுக்கொள்ளும். சரியான பெயரால் தேடும்போதுதான் பிழை வெளிப்படும்.

ஹைதராபாத் முறை இவ்விரண்டுக்கும் இடம் தந்திருக்கிறது. எல்லாச் சொல்லுக்கும் பொதுவான எட்டும் இடத்தால் அறியப்படும். எழுவாய், செயப்படுபொருள் போன்ற தொடர் உறவுகள் முதலிய பிறவற்றைச் சமக்குறியிட்டுப் பெயரோடு எழுதலாம். நாள்தோறும் நூற்றுக்கணக்கான சொற்களுக்குக் கையால் குறிப்பு எழுதுவோருக்கு இந்தச் சுருக்கம் பெரும் உதவி.

ஆனால் குறிப்பு எழுதியவர் ஒருவர்; பிற்காலத்தில் அதைப் படிப்பவர் வேறொருவர். அன்றைய நிரல்கள் இயங்காமற் போகலாம், கோப்புகள் எஞ்சும். அவற்றை முதன்முதலாகத் திறக்கும் தமிழ் மாணவர் கையேட்டைத் தேடியாக வேண்டும்; அது கிடைக்காவிடில் ஐந்தாம் இடத்தில் உள்ள 3 என்பது படர்க்கையைக் குறிப்பது என்று ஊகித்தாக வேண்டும். 'இடம்: 3' என்றிருந்தால் அந்த ஊகத்தில் பாதி குறையும், 'இடம்: படர்க்கை' என்றிருந்தால் ஊகத்திற்கே வேலையில்லை.

எழுதும்போது மிச்சமாகும் சில எழுத்துகளின் விலையைப் படிப்பவரே செலுத்துகிறார். புதிதாகத் தமிழ்த் தரவு தொகுப்போர், இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்வதற்கு முன் அந்தப் படிப்பவரையும் எண்ணிப் பார்ப்பது நன்று.